தொழில்: இல்லை

1

இன்று மே ஒன்பது. ஜேர்மன் நாட்காட்டியின்படி என் மனைவி தவமலர் இறந்து ஒரு வருடம் நிறைய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. பஞ்சாங்கத்தின்படி நேற்றே நிறைந்துவிட்டது. திதி பார்த்து முதலாண்டுக்குரிய ஆட்டைத் திவசம் செய்வதற்காக மூன்று கிழமை விடுமுறையில் பண்டத்தரிப்புக்கு வந்திருக்கிறேன். அவளின் தங்கை ராணி வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். நேற்று வந்த கதிரைகளைக் கூடாரக்காரர் காலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முற்றத்துச் செம்மண்ணில் கதிரைக்கால்களின் அடையாளம் வரிசையாகக் கிடக்கிறது.

இங்கே வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, "அங்கை என்ன வேலை?" நான் ஒரு நகர அரும்பொருட்காட்சிச்சாலையில் மண்டபக் காவலாளி. பார்வையாளர்கள் ஓவியங்களைத் தொடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒரு நாளுக்கு ஆறு மணித்தியாலம் நிற்க வேண்டும்.

"படம் எழும்பி ஓடிப்போகுமெண்டோ காவல்?" என்று அடுத்த வீட்டுச் செல்லத்துரை அண்ணை கேட்டார்.

"ஓடாது அண்ணை. நான்தான் ஓடேலாமல் நிக்கிறன்."

அவர் சிரித்தார். அதற்கு மேல் சொன்னால் யாருக்கும் அலுப்பு. ஆனால் சென்ற நவம்பரில் அந்த மண்டபத்தில் திறந்த ஒரு கண்காட்சியிலிருந்துதான் நான் சொல்லப்போவது தொடங்குகிறது.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எங்கள் நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த பெண்கள் வரைந்த ஓவியங்கள் அவை. நிலவறையில் சுவரைப் பார்த்தபடி அடுக்கி வைத்திருந்தார்கள். லீனா என்ற இளம்பெண் அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, துடைத்து, விபரம் தேடி எழுதினாள். அவளுக்கு என் மகளின் வயது.

நான் விபரப் பலகைகளை வாசிக்கிற ஆள். பார்வையாளர்கள் ஓவியத்தைப் பார்ப்பார்கள், நான் பலகையின் திகதியைப் பார்ப்பேன். எல்லாப் பெண்களின் பெயரோடும் 'கெப்.' என்று ஓர் எழுத்துச் சுருக்கம் வந்தது. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் அதை அப்பாவின் பெயரின் முதலெழுத்து என்றே நினைத்துவிட்டேன். இத்தனை பேருக்கும் ஒரே முதலெழுத்தா என்று லீனாவிடமே கேட்டேன். அது பிறந்த குடும்பத்தின் பெயரைச் சொல்வது, கலியாணத்துக்கு முந்திய பெயர், என்று அவள் விளக்கினாள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்டேன்.

அந்தப் பெண்களுக்கு அரச ஓவியக் கல்லூரிகளின் கதவு மூடியிருந்தது. முதலாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் அது திறந்தது. அதுவரை தனியார் ஆசிரியரிடம் படித்தார்கள், அல்லது பெண்கள் சங்கங்கள் நடத்திய பள்ளிகளில் படித்தார்கள். மனித உடலைப் பார்த்து வரையும் வகுப்பு அவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. பத்திரிகைகள் கேலிச் சித்திரம் போட்டன. பெண் என்று தெரிந்தால் படத்தை வேறு கண்ணால் பார்ப்பார்கள் என்று சிலர் முதலெழுத்தை மட்டும் கையெழுத்தாகப் போட்டார்கள். வீட்டை அழகுபடுத்தப் பெண்கள் செய்யும் கைவேலைதானே என்று சொல்லி, நல்ல படங்களையும் வீட்டார் வாசற்கதவுக்குப் பின்னால் மாட்டினார்கள்.

என் இடத்துக்கு நேரே ஹெட்விக் என்பவளின் படம் இருந்தது. ஒரு சமையலறை மேசை. பாதியாக வெட்டிய முட்டைக்கோவா. பக்கத்தில் ஒரு கத்தி, அதன் அலகில் யன்னலின் வெளிச்சம். வேறொன்றும் இல்லை. ஆறு மாதம் அந்தக் கோவாவைப் பார்த்தபடி நின்றேன். அதன் நரம்பு ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம்.

பலகையில் இருந்தது இது: ஒரு நீதிபதியின் மகள், ஒரு மருந்துக்கடைக்காரரின் மனைவி, நான்கு பிள்ளைகளின் தாய். சித்திர ஆசிரியைப் பரீட்சையில் சித்தியடைந்து கற்பித்தவள். கலியாணம் முடித்தால் ஆசிரியை வேலையை விட வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. விட்டாள்.

"இறந்தபோது பதிவேட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா?" என்று லீனா ஒருநாள் நகலைக் காட்டினாள். தொழில் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல். இல்லை.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். வேலை நேரத்தில் நாங்கள் உட்காரக்கூடாது.

3

1991 ஒக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை. தவமலர் ஜேர்மனிக்கு வந்து ஒன்பதாவது நாள். வெளிநாட்டவர் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய படிவத்தை நான் குசினி மேசையில் வைத்து நிரப்பினேன். எனக்கு முந்தி வந்து எல்லாம் தெரிந்தவராக இருந்த இராசையா அண்ணை பக்கத்தில் இருந்தார்.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் அப்பாவின் பெயரை எழுதினேன். அதாவது, தன் வாழ்நாளில் ஒருமுறைகூடக் காணாத மாமனின் பெயர் அன்றிலிருந்து அவளின் பெயரானது. அடுத்தது தொழில். பண்டத்தரிப்பில் ஒரு பாடசாலையில் அவள் ஐந்து வருடம் சித்திரம் படிப்பித்தவள். அதைத்தான் எழுதப் போனேன்.

"தம்பி, பேனையை நிப்பாட்டும்," என்றார் இராசையா அண்ணை. "ரீச்சர் எண்டு எழுதினா அத்தாட்சி கேப்பாங்கள். அதை ஊரிலையிருந்து எடுக்க வேணும், மொழிபெயர்க்க வேணும், சீல் குத்த வேணும். ஆறு மாசம் இழுபடும். இல்லையெண்டு எழுதிப்போட்டு அலுவலைப் பாரும்."

நான் 'இல்லை' என்று ஜேர்மன் மொழியில் எழுதினேன். தவமலர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"உதிலை என்ன எழுதியிருக்கிறியள்?"

"அது சும்மா. கையெழுத்தை வையும்."

வைத்தாள். திகதியை நான் போட்டேன்.

4

எங்கள் நகரில் தமிழருக்குள் யாராவது இறந்தால் கல்வெட்டு எழுதுவது நான்தான். இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளியே வளர்ந்த பிள்ளைகள் வாசிப்பார்கள் என்றால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள். ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் இரண்டு தலைமுறைக்குக் கதைக்காது. அதனால் ஒவ்வொரு பெயரையும் மூன்று பேரிடம் கேட்டு, ஒவ்வொரு திகதியையும் பத்திரத்தோடு ஒப்பிட்டு எழுதுவேன். ஒரு பிழையும் இதுவரை யாரும் சொன்னதில்லை.

தவமலரின் கல்வெட்டையும் நானே எழுதினேன். பிறந்த நாள், நட்சத்திரம், கலியாண நாள், விமானம் இறங்கிய நேரம் எல்லாம் சரி. இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அருமை மனைவியும், ஆரணியின் பாசமிகு தாயும், இன்னாரின் அன்பு மருமகளும் என்று ஒழுங்காகப் போனது. சித்திரம் படிப்பித்ததைப் போடவில்லை. முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் பத்தொன்பது வருடம் நின்றதையும் போடவில்லை. இரண்டாவதை மறைத்தேன். முதலாவது, உண்மையைச் சொன்னால், நினைவுக்கே வரவில்லை.

என் மகள் ஆரணி தெற்கே, ரயிலில் ஐந்து மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். தமிழ் விளங்கும், பேசுவாள், வாசிக்கத் தெரியாது. தாயின் கல்வெட்டை அவள் ஒரு படப் புத்தகம் போலத்தான் புரட்டினாள். டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு வந்தபோது என் மண்டபத்துக்கு வந்து ஹெட்விக்கின் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள்.

"அம்மாவும் இப்பிடித்தானே கீறினவ, அப்பா."

"அம்மா எங்கை கீறினவ?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கவரிலை. நீங்கள் கடிதத்தை எடுத்துப்போட்டு வைக்கிற கவரிலை. சமைக்கேக்கை அதிலை கீறுவா. எனக்குப் பூனை கீறித் தந்தவ. நீங்கள் அப்பா... நீங்கள் தானே எல்லாத்தையும் பேப்பர் வாளியிலை போடுறனீங்கள்."

பிறகு கேட்டாள்: "நீங்கள் எழுதின புத்தகத்திலை அம்மா கீறினவ எண்டு இருக்குதோ?"

இல்லை என்று சொன்னேன். அதே சொல்.

5

என் வீட்டில் முப்பத்தொரு கடிதக் கோவைகள் இருக்கின்றன. அலுவலகங்களிலிருந்து வந்த ஒவ்வொரு கடிதத்தையும், வந்த திகதியை மேல் மூலையில் எழுதி, இடப்பக்க ஓரத்தில் இரண்டு துளை போட்டு, வரிசைப்படி வைத்திருக்கிறேன். அகதியாக வந்தவனுக்குத் தாள்தான் நிலம். எந்தக் கடிதத்தை எப்போது கேட்பார்கள் என்று தெரியாது. கடித உறைகளை வைத்திருப்பதில்லை. திகதி கடிதத்திலேயே இருக்கிறதே.

ஆரணி போனபிறகு கோவைகளைத் திறந்தேன். தவமலர் ஆசிரியையாக இருந்தாள் என்பதற்கு ஒரு தாளாவது கிடைக்காதா என்று தேடினேன். அது கிடைக்கவில்லை. ஐந்தாவது கோவையில் ஒரு கடிதம் அடுத்த தாளோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால், தூங்கும் ஆரணி. பாடசாலைப் பையைக் கழற்றாமல் சோபாவில் சரிந்து கிடக்கிறாள்.

ஏழு நாள் எடுத்து முப்பத்தொன்றையும் தாள் தாளாகத் திருப்பினேன். பதினொரு படங்கள். சலவை அறையில் தொங்கும் வெள்ளை உடுப்புகள். அவளது இடது கை. பண்டத்தரிப்பு வகுப்பறையில் பிள்ளைகள் இருக்கும் வாங்குகளும் மேசைகளும், ஒரு பிள்ளையும் இல்லாமல். பனியில் சில்லுப் பாதி புதைந்து நிற்கும் என் சைக்கிள். கடைசிப் படம், மருத்துவரைக் காண வைத்தியசாலை நேரம் குறித்து அனுப்பிய கடிதத்தின் பின்னால், யன்னலில் ஒரு மருந்துக் குப்பி. அந்தக் குப்பியில் வெளிச்சம் விழுந்திருந்த விதத்தைப் பார்த்தபோது எனக்கு ஹெட்விக்கின் கத்தி நினைவு வந்தது. இரண்டு பேரும் ஒரே யன்னலுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் போல இருந்தது.

எல்லாப் படத்திலும் நான் போட்ட துளைகள் இருந்தன. அவள் கீறி வைத்த தாள்கள் ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தும், நான் பின்பக்கத்தைத் திருப்பிப் பாராமல் துளை போட்டுக் கட்டியிருக்கிறேன் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு நான்கு மாதம் இருந்தேன்.

6

ஆட்டைத் திவசத்துக்குப் புதிய கல்வெட்டு அடிக்கப்போகிறேன் என்று, வந்து இறங்கிய அன்றே ராணியிடம் சொன்னேன். ராணி தன் அக்காவைப் போல அமைதியானவள் இல்லை.

"அத்தான், கல்வெட்டு ஒருக்காத்தான். ஆர் ரெண்டாந்தரம் அடிக்கிறது? ஆட்டைக்கு ஒரு படம் போட்ட துண்டுக் கடுதாசி போதும்."

"முதல் அடிச்சதிலை பிழை இருக்கு."

"உங்கடை கல்வெட்டிலையோ?" ராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிழை விட்டிட்டன் எண்டு ஊருக்கே அடிச்சுக் குடுக்கப் போறியளோ? உங்கடை மாமிக்கு வேறை ஆக்கள் அடிச்ச கல்வெட்டிலை தம்பியின்ரை பேர் விட்டுப்போச்செண்டு நீங்கள் எத்தினை வருசம் பகிடி பண்ணினனீங்கள்!"

நான் பதினொரு தாள்களையும் மேசையில் பரப்பினேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். கைலேஞ்சியால் விரல்களைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். வகுப்பறைப் படத்தில் நிறைய நேரம் நின்றாள்.

"அவ சீவியத்திலை உந்த வாங்கை மறக்கேல்லை," என்றாள். "அக்கா சேட்டிபிக்கற் கேட்டதை நீங்கள் அறியமாட்டியள், என்ன?"

"என்ன சேட்டிபிக்கற்?"

அவள் உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தோடு வந்தாள். தவமலரின் கடிதங்கள், ஒவ்வொன்றும் அதனதன் உறையிலேயே. தவமலர் கடிதத்தில் ஒருநாளும் திகதி போடமாட்டாள். அதற்காக நான் அவளோடு சண்டை பிடித்திருக்கிறேன். திகதி உறையின் முத்திரையில்தான் இருந்தது. 1997 பெப்ரவரி.

கடிதத்தை ராணியே வாசித்தாள்.

"'நீ அனுப்பின சேட்டிபிக்கற் வந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினன். பிள்ளையளுக்குச் சித்திரம் சொல்லிக் குடுக்கிற இடத்திலை உதவியாளா நிக்கலாமோ எண்டு கேட்டன். பதிவிலை எனக்குத் தொழில் இல்லையெண்டு கிடக்குதாம். அண்டைக்கு இல்லையெண்டு எழுதிப்போட்டு இண்டைக்கு இருக்கெண்டா எதை நம்புறது எண்டு கேக்கினம். எனக்குப் பதில் சொல்ல அந்தளவு பாசை இல்லை. அத்தானுக்கு இதை எழுதிப்போடாதை. அவர் நல்லதுக்கெண்டுதான் எழுதினவர். அறிஞ்சா மனம் நோவார்.'"

ராணி அங்கே நிறுத்தி என்னைப் பார்த்தாள். வாசிக்கவா விடவா என்று கேட்கும் பார்வை. வாசி என்று கையால் காட்டினேன்.

"'கீறுறதை விடேல்லை. முந்திக் கவரிலை கீறினனான். அவர் கவரெல்லாத்தையும் எறிஞ்சுபோடுவார். கடிதங்களை ஒருநாளும் எறியார், அதுகளுக்கு இந்த வீட்டிலை ராசமரியாதை. அதாலை இப்ப அவர் வேலைக்குப் போனாப்பிறகு பைலைத் திறந்து பின்பக்கத்திலை கீறிப்போட்டுத் திருப்பி வைக்கிறன். அங்கை கிடந்தால் துலையாது. எண்டைக்கோ ஒருநாள் திருப்பிப் பார்ப்பார் தானே.'"

அந்தத் தாளை மடித்துவிட்டு ராணி சைக்கிள் படத்தைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் குறுக்கே பிடித்துப் பார்த்தாள்.

"அத்தான், இஞ்சை பாருங்கோ. நீங்கள் போட்ட ஓட்டை ரெண்டும் சில்லு ரெண்டின்ரையும் நடு அச்சல்லோ! ஓட்டையை வைச்சுத்தான் சைக்கிளே கீறியிருக்கிறா."

உண்மைதான். தாளைக் குறுக்கே திருப்பினால் துளைகள் கீழ் ஓரத்தில் வருகின்றன. அதற்கு மேல் சில்லின் பாதிதான் கொள்ளும். மீதிப் பாதிக்குத் தாள் இல்லை. அதனால் பனியைப் போட்டுப் புதைத்திருக்கிறாள். மற்றப் படங்களையும் பார்த்தேன். பென்சில் கோடு ஒன்றுகூடத் துளையில் அறுபடவில்லை. எல்லாம் விலகிப் போகின்றன. ஒரு துளையைச் சுற்றிச் சலவை உடுப்பின் பொத்தான் இருந்தது.

திகதி பார்க்கத் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவன் நான். துளை முந்தியதா கோடு முந்தியதா என்று நான்கு மாதமாகப் பார்க்கவில்லை.

என் பிழை நான் நினைத்ததிலும் பெரிது. தெரியாமல் துளைத்திருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணப் பிழை. அவள் வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல்.

7

புதிய கல்வெட்டை மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட உள்ள ஓர் அச்சகத்தில் அடித்தோம். ராணியும் கூட வந்தாள். இரண்டாந்தரம் அடிப்பதை அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சந்தைக்கு வந்த வாகனங்களின் இரைச்சலுக்கு மேலால் கணினியில் இருந்த பெண்ணுக்கு வரி வரியாகச் சொன்னேன்.

"தவமலர். சித்திர ஆசிரியை."

"அதுக்கு முதல் ஐயா, இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியும் எண்டு வருமல்லோ?"

"வரும் பிள்ளை. பிறகு வரும்."

அடுத்த வரி, பணிக் காலம். தொடங்கிய திகதி ராணியிடம் இருந்த நியமனக் கடிதத்தில் இருந்தது. முடிந்த திகதி என்ன? பாடசாலையை விட்ட நாளா? ஹெட்விக்குக்கு அப்படித்தான் போட்டிருந்தார்கள், கலியாண நாளோடு ஒரு கோடு. நான் யோசித்துவிட்டு, மருந்துக் குப்பிப் படம் இருந்த வைத்தியசாலைக் கடிதத்தின் மூலையைப் பார்த்துச் சொன்னேன். என் கையெழுத்தில் இருந்த திகதி. அவள் இறப்பதற்குப் பதினாறு நாள் முந்தியது. அதற்கு முந்தி அவள் கீறியிருக்க முடியாது.

பிறகு சலவைப் பகுதியில் பத்தொன்பது வருடம் என்பதையும் சொன்னேன். ராணி என் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பெண் படங்களை நகல் எடுக்க ஒவ்வொரு தாளாக வாங்கினாள். முதல் தாளின் ஒரு பக்கத்தில் ஜேர்மன் அரசின் கழுகு முத்திரை, இலக்கம், கையொப்பம், மூலையில் நான் எழுதிய திகதி. மறுபக்கத்தில் தூங்கும் பிள்ளை. இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"ஐயா, இதிலை எது முன்பக்கம்?"

"படம் இருக்கிறது, பிள்ளை."

நேற்று திவசத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தோம். சிலர் தேவாரப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சுருட்டி வைத்தார்கள். செல்லத்துரை அண்ணை முழுவதையும் வாசித்துவிட்டு, "உமக்குப் பிழை வருமெண்டு நான் நினைக்கேல்லை," என்றார். ஓம், வந்துவிட்டது என்றேன். ஆரணிக்குக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினேன். அவளால் வாசிக்க முடியாத எழுத்துகளைச் சுற்றி வட்டம் போட்டு, 'இதுதான் அந்த இடமா?' என்று ஜேர்மன் மொழியில் கேட்டு அனுப்பியிருந்தாள். 'சித்திர ஆசிரியை' என்ற சரியான வரியைத்தான் வட்டமிட்டிருந்தாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை.

பதினெட்டாம் திகதி திரும்புகிறேன். இந்தப் பதினொரு தாள்களையும் எடுத்த இடங்களில் அடையாளத் துண்டு வைத்துவிட்டுத்தான் வந்தேன், திருப்பி வைக்க. நேற்றுப் பின்னேரம் படம் மேலே இருக்கும்படி அடுக்கிப் பார்த்தேன். அப்படி வைத்தால் துளைகள் வலப்பக்கம் வந்துவிடுகின்றன. கோவைக்குள் போக வேண்டுமானால் இடப்பக்கத்தில் புதிதாக இரண்டு துளை போட வேண்டும்.

போடமாட்டேன். அடையாளத் துண்டுகள் அங்கேயே இருக்கட்டும்.